பதினெட்டு முகமும் ஓர் ஓட்டையும்

"கிழிச்ச கை எதுன்னு எனக்குத் தெரியும் சார். மரியாதையா ஒத்துக்கங்க!"

சரித்திர டீச்சர் போட்ட சத்தத்தில் கணக்கு வாத்தியாரின் டீ அவர் சட்டையிலேயே கொட்டியது. கொட்டட்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றார் டீச்சர். ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது.

பின்னே, கோபம் வராதா? ஒரு மாதமாக லைப்ரரியில் பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டி, தும்மித் தும்மிக் கண்டுபிடித்த படம் அது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஊர் பாட்டில் கம்பெனியில், ஆம்பளைக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்று வேலைநிறுத்தம் செய்து ஜெயித்த பெண்கள். கம்பெனி கேட் முன்னால் பத்தொன்பது பேர்.

அதில் ஓரமாகத் திரும்பிப் பார்த்த ஒரு முகத்தைக் கண்டதும் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது புருவத்தை இரண்டாக வெட்டிய அதே தழும்பு. தினமும் விடிந்ததும் வந்து பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லேட்டாக வருகிற பிள்ளைகளை வறுத்தெடுக்கிற கேட்டம்மாதான்!

சிரிக்கவே சிரிக்காத அந்த மனுஷிக்குள் இப்படி ஒரு போராளியா? முன்கூட்டியே சொன்னால் வேண்டாம் என்று மல்லுக்கு நிற்பார் என்று டீச்சர் மூச்சு விடவில்லை. நேற்று சாயங்காலம் படத்தைப் பெரிதாக்கி வராந்தா போர்டில் ஒட்டினார். கேட்டம்மா உருவத்துக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் எழுதினார்: 'கையில் டிபன் பாக்ஸைப் பாருங்கள்! எத்தனை நாளானாலும் நகர மாட்டேன் என்ற உறுதி!'

இன்றைக்கு முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு அதுதான் பாடம். நம்ம ஊரிலும் ஒருத்தி நின்று ஜெயித்தாள் என்று அந்த நாற்பது பேரும் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

காலையில் வந்து பார்த்தால் பதினெட்டு முகம் பத்திரமாக இருக்கிறது. கேட்டம்மா இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"ரோட்டுல உக்காந்து கத்தினவங்களுக்கெல்லாம் எதுக்குப் படம்னு நேத்து கேட்டது நீங்கதானே சார்?"

"கேட்டேன். இப்பவும் கேக்குறேன். அதுக்காக ராவோட ராவா வந்து கிழிப்பேனா? எனக்கு வேற பொழப்பு இல்ல பாருங்க!"

"பொம்பளை ஜெயிச்ச கதைன்னா உங்களுக்கு எரியுது."

"ஆமா, எரியுது. நீங்க கொட்டவெச்ச டீ!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "படத்தைத்தானே சார் கிழிக்க முடியும்? ஆளை என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வகுப்புக்குப் போனார். நாற்பது பெண்களையும் கிளப்பிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தார்.

கேட்டம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார். "மணி அடிச்சாச்சு. இங்க என்ன வேடிக்கை? எல்லாரும் உள்ள போங்க!"

"இன்னிக்குப் பாடமே நீங்கதான்க்கா," என்றார் டீச்சர். "புள்ளைங்களா, இவங்களை நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு நீங்க ஆம்பளைக்குச் சமமா சம்பளம் வாங்கினா, அது இவங்க நின்ன நிப்பு!"

நாற்பது பேரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் நின்ற ரெட்டைச்சடைக்காரி இன்னும் ஒருபடி மேலே போய் விசிலே அடித்துவிட்டாள்.

"கையைத் தட்டாதீங்கடி!"

கேட்டம்மா திட்டி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்டதில்லை. தட்டின கைகள் அப்படியே நின்றன.

ரெட்டைச்சடைக்காரிக்கு மட்டும் உற்சாகம் அடங்கவில்லை. "எங்க பாட்டியும் அந்தப் படத்துல இருக்காங்க கேட்டம்மா! போராட்டக் கதையைத் தினமும் சொல்லுவாங்க. உங்க பேரை மட்டும் சொன்னதே இல்ல!"

"சொல்லமாட்டா," என்றார் கேட்டம்மா.

டீச்சர் பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டார். "அந்தக் கணக்கு வாத்தியார் கிழிச்சதை நினைச்சு வருத்தப்படாதீங்கக்கா. அவரை நான் சும்மா விடப்போறதில்ல."

கேட்டம்மா தோளை உதறிக்கொண்டார். "அந்த ஆளை எதுக்கு இழுக்கறீங்க? பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது." சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். "காலையில வராந்தாவைத் திறந்ததும் நான்தான் கிழிச்சேன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க முகத்தை நீங்களேவா? ஏன்க்கா? எவ்வளவு பெருமை இது!"

கேட்டம்மா காகிதத்தைப் பிரித்து டீச்சர் கையில் திணித்தார். சிவப்பு மை எழுத்துக்கு மேலே, அந்த டிபன் பாக்ஸ்மேல் விரலை வைத்தார்.

"மத்த பதினெட்டுப் பேர்ல யார் கையிலயாவது இது இருக்கான்னு பாத்தீங்களா?"

கேட்டம்மா ரெட்டைச்சடைக்காரியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க கேட்டை மறிச்சுட்டு நின்னாங்க. நான் வேலைக்குப் போயிட்டிருந்தேன், டீச்சர்."