மூன்றாவது குவளை

ஒரே பால் திரிந்து பிறந்தவர்கள்தான் இருவரும். தெளிந்த நீராய்ப் பிரிந்து பொடியானது ‘வே’ என்ற புரதம். கட்டியாய்த் திரண்டு பொடியானது ‘கேசீன்’ என்ற புரதம். புதிய புரத பானத்துக்கு யார் என்பது அன்று முடிவாக வேண்டும். தேறாவிட்டால் கேசீன் மூட்டைகள் பசைத் தொழிற்சாலைக்குப் போய்விடும்.

“தண்ணியப் பாத்தாலே கட்டி தட்டிப்போற ஆளு, நீங்க எதுக்குண்ணே வந்தீங்க?” என்றது வே.

வே சொன்னதில் பொய் இல்லை.

முதல் குவளையில், கோகோ போட்ட தண்ணீரில் வே மட்டும் இறங்கி நொடியில் கரைந்தது. ருசிபார்க்கும் சாருமதி ஒரு வாய் குடித்தாள். “வெறும் தண்ணி. கோகோ பூரா அடியில தங்கிடுச்சு” என்றாள்.

இரண்டாவதில் கேசீன் மட்டும். கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது.

“இது களி” என்று தள்ளி வைத்தாள். கேசீனுக்கு அப்போதே பசை வாளி கண்ணில் தெரிந்தது.

மிஞ்சிய பொடிகளைக் கொட்ட மனமில்லாமல், இரண்டையும் ஒரே குவளையில் போட்டு, கோகோ சேர்த்துக் குலுக்கினாள்.

“அண்ணே, கோகோ நழுவுது! பிடிச்சுக்குங்கண்ணே!” என்று உள்ளேயிருந்து கத்தியது வே.

“கத்தாதே, பிடிச்சாச்சு” என்றது கேசீன்.

சாருமதி நின்றவாக்கிலேயே குடித்து முடித்தாள். பிறகு குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அலசி, அதையும் குடித்தாள்.