செத்துப்போன சென்சர்

"பழஞ்சாமானத் துடைச்சுப் புதிசெண்டு பூட்டிட்டீங்களே, உசனார் நானா!"

காத்தான்குடியில் உசனாரின் கராஜ் வாசலில் நின்று நல்லரத்தினம் கத்தினார். ஒரு மாதத்துக்கு முன் அவருடைய வேனுக்குப் புது ஒக்சிசன் சென்சர் போட்டது உசனார்தான். எஞ்சின் புகையை மோப்பம் பிடித்து, எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்று சொல்லும் சாமான் அது.

"நேத்துப் பாலத்தடி ஆமிச் சென்றியில வேன் கரும்புகையக் கக்கிட்டு நிண்டுபோச்சு. உள்ளுக்க எண்ட மகள் பிள்ளை வலியில துடிக்கிறாள். வெளியில ஆமிக்காரன் துவக்க நீட்டுறான். ஒரு ஆட்டோக்காரன் வந்ததால உசிர் தப்பினாள். செட்டிபாளையம் சந்தியில கடை வச்சிருக்கிறவன் நான். வாற போற சனத்துக்கெல்லாம் சொல்லுவன். இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச வரமாட்டாங்க!"

உசனாரின் முகம் சிவந்தது. பதினைந்து வருடமாகச் சண்டைக்கும் ஊரடங்குக்கும் நடுவில் காப்பாற்றிய பெயர்.

"பாத்திட்டுச் சொல்லுங்க அண்ணன்." சென்சரைக் கழற்றி, இரண்டு வெள்ளை வயர்களிலும் மீட்டரைப் பிடித்தார். "சூடாக்கிற கம்பி புத்தம் புதிசு. இப்ப நுனியப் பாருங்க."

மீட்டரை மற்ற வயருக்கு மாற்றி, கேஸ் நெருப்பில் நுனியைக் காய்ச்சினார். மீட்டர் முள் அசையவில்லை. பெட்டியிலிருந்த இன்னொரு சென்சரைக் காய்ச்சினார். முள் துள்ளி ஏறியது.

"கரி அப்பிச் செத்திருக்கு. டாங்கியில என்ன ஊத்தினீங்க?"

"பெற்றோல் செட் வரிசையில நாள் முழுக்க நிண்டு வாங்கி, வீட்டுப் பிளாஸ்டிக் கானுல வச்சது!"

உசனார் டாங்கியிலிருந்து எடுத்துத் தாளில் நாலு சொட்டு விட்டார். காய்ந்த பிறகும் எண்ணெய்க் கறை அப்படியே கிடந்தது.

"வெறும் பெற்றோல் எண்டா கறையில்லாமக் காஞ்சிடும். இது பாதி மண்ணெண்ண, அண்ணன்."

நல்லரத்தினம் கொதித்துப் போனார். "மண்ணெண்ண கலந்து விக்கிறவன் மனுசனா? பிள்ளைத்தாச்சியக் கொல்லப் பாத்திருக்கான்! அவனச் சந்தியில கட்டி வச்சு அடிக்கோணும்!"

கூட வந்து நின்ற மனைவி அன்னப்பூரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கானுல இருந்தது எப்பவோ முடிஞ்சிட்டு. நீங்க உன்னிச்சைக்கு வயல் வேலையா போயிருந்த நேரம், நான்தான் நம்மட கடை வாசல்ல அடுக்கியிருக்கிற போத்தல் பெற்றோல எடுத்து ஊத்தினன்."

"அடி பாவி, ஆரு உன்ன அதில எடுக்கச் சொன்னது?" நல்லரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். "அது சனத்துக்கு விக்க வச்சதுடி!"