மற்ற மூன்று கால்கள்

"ஏறாதேங்கோ, ஏறாதேங்கோ எண்டு சொன்னனானெல்லே!"

யோகராணி கத்தி முடிப்பதற்குள் மேசை சாய்ந்துவிட்டது. பாரிஸ் ரூ காய் தெருத் தமிழ்க்கடையில் வாங்கிய முருகன் கலண்டரைக் கொழுவுவதற்கு அவள் புருசன் தில்லையம்பலத்துக்கு ஏறி நிற்கக் கிடைத்தது இருநூறு வருசத்துப் பிரெஞ்சு எழுதுமேசைதான். ஒரு கால் முறிந்தே போனது.

யோகராணி பதினாறு வருசம் வேலை பார்த்தது மதாம் செசில் வீட்டில். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அந்த மனுசி கண் கலங்க இவளிடம் ஒப்படைத்த மேசை அது. வாற ஞாயிற்றுக்கிழமை மதாம் அதைப் பார்க்கத்தான் இங்கே சாப்பாட்டுக்கு வருகிறாள்.

"அவவின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

யோகராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்த ஞானசுந்தரம், முறிந்த காலைத் தடவிப் பார்த்தார்.

"நான் செய்து தாறன், தங்கச்சி."

தில்லையம்பலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானுக்கு ஏதோ ஒரு மரப்பட்டறையில் வேலை என்று தெரியும். எந்தப் பட்டறை, என்ன வேலை என்று இருபத்தைந்து வருசமாக அவர் கேட்டதில்லை.

"மச்சான், நீ அங்கை மரத்தூள் கூட்டுற ஆள். மற்ற மூண்டு காலையும் பார்! ஒரு ஆட்டம் இருக்கே? இது பிரெஞ்சுக்காரன்ரை கை. எங்கடை ஆக்கள் தொட்டால் நாசம்."

மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். மதாம் போட்டு வைத்திருந்த ஒரு பட்டறையின் விலாச அட்டை உள்ளே கிடந்தது.

"இஞ்சைதான் குடுக்கப்போறன்."

ஞானசுந்தரம் அட்டையைப் பார்த்தார். "ஓம், நல்ல இடம்" என்றார். ஒரு துண்டில் 'ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தேவை' என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். கடைச் சாமான் சிட்டைக்கும் பிள்ளையார் சுழி போடாமல் எழுதாத மனிதர், அதற்கும் மேலே ஒரு சுழி போட்டார்.

பட்டறையில் துண்டை வாங்கிப் பார்த்தவன் மறுபேச்சுப் பேசாமல் மேசையை எடுத்துக்கொண்டான்.

"அங்கை உள்ள பெரிய கைக்காரர்தான் செய்வாராம்!" தில்லையம்பலம் வீட்டுக்கு வந்து பெருமையடித்தார்.

யோகராணி நாளுக்கு மூன்று தரம் பட்டறைக்குப் போன் எடுத்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். வெள்ளியும் போனது. சனி பின்னேரம் மேசை வந்து இறங்கியபோது, எந்தக் கால் முறிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அழுதுவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம். மதாம் வர இன்னும் அரை மணித்தியாலம்.

"பாத்தியோ மச்சான்? நீ தொட்டிருந்தால் இது இப்ப விறகு!"

ஞானசுந்தரம் வடையைக் கடித்தபடி தலையாட்டினார்.

"பெரிய வேலைக்காரர் அடியிலை பேர் வைப்பினம். மதாமுக்குக் காட்டோணும்."

சொல்லிக்கொண்டே பட்டு வேட்டியோடு மேசைக்குக் கீழே படுத்த தில்லையம்பலம், போன் வெளிச்சத்தை மேலே அடித்தார். யோகராணி குனிந்து பார்த்தாள்.

"என்னப்பா, பேர் இருக்கே?"

புதுக் காலின் உள்பக்கம், பென்சிலில், பளிச்சென்று ஒரு பிள்ளையார் சுழி. மற்ற மூன்று கால்களிலும் அதே சுழி, 2004 என்ற வருசத்தோடு, மங்கிப்போய் இருந்தது.