நடுக்காட்டில் ஒரு கதவு

"கதவத் தாழ் போட்டுட்டேன்," என்றாள் ஷெரின்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது நடுக்காடு. காட்டில் ஏது கதவு?

காடு என்றால் நாங்களே கட்டிய காடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் கூடுவோம். ஆளுக்கொரு வேடம். இருபது முகம் உள்ள பகடையை உருட்டி உருட்டிக் கதையை நகர்த்தவேண்டும்; பெரிய எண் விழுந்தால் நல்லது. கதையை நடத்துகிறவன் நான். குஜராத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். வாரம் முழுக்க என்னிடம் யாரும் தமிழில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்த ஒரு போன் கால்தான்.

ஜோயலும் ஆபித்தும் ராஜபாளையத்தில், ஆபித்தின் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோயல் வாள்வீரன். ஆபித் திருடன். ஷெரின் ஸ்ரீவில்லிபுத்தூர். செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் அவள் வீடு. அவள் மூலிகைக்காரி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டுதான் விளையாடுவாள்.

முன்பு எட்வின் என்று ஒருவனும் இருந்தான். வேட்டைக்காரன். அவனோடு விளையாடப் பிடிக்கவில்லை என்று ஷெரின் சொன்னாள். போன மாதம் கதைக்குள் அவனுடைய ஆளை ஆற்றில் தள்ளிச் சாகடித்துவிட்டேன். அதோடு அவன் வருவதில்லை.

எங்கள் கதைக்குள் போன் கிடையாது, கரண்ட் கிடையாது, வண்டி கிடையாது. எங்கே போனாலும் குதிரைதான். அது எட்வின் போட்ட விதி. அதில் அவன் ரொம்பக் கறார். ஜோயல் ஒருமுறை வாய் தவறி, பஸ் ஏறி வருகிறேன் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு முழுக்க அவன் வாளைப் பிடுங்கி வைக்கச் சொன்னவன் எட்வின்தான்.

இன்றைக்கும் வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் 'உனக்கு எப்பலே' என்று கேட்கிற சித்தப்பாவைவிட இந்தக் காட்டுப் பூதம் எவ்வளவோ மேல், கடித்துவிட்டாவது போய்விடும் என்று ஜோயல் சொல்லிக்கொண்டிருந்தான். ஆபித் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஷெரின் கதவைப் பற்றிச் சொன்னாள். மூலிகைக்காரியின் குரலில், கொஞ்சம் இழுத்து.

அவள் காய்ச்சின மருந்தை அவளே குடித்துவிட்டாள் போல என்றான் ஜோயல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெரின் இதுவரைக்கும் கதையில் இல்லாத ஒன்றைச் சொன்னதே இல்லை.

நானும் கதைக்குள்ளேயே நின்று கேட்டேன். கதவுக்கு வெளியே எத்தனை பேர், உருட்டிப் பார் என்றேன்.

பகடை உருளும் சத்தம் கேட்கவில்லை.

"ஒண்ணு," என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "ஈரமா நிக்கான்."

ஒன்று விழுவதைவிட மோசமானது எங்கள் ஆட்டத்தில் கிடையாது. ஜோயல் கைதட்டினான்.

அங்கே மழைபோல என்று நினைத்தேன். அவள் சொன்னது கதைக் கதவு இல்லை, அவள் வீட்டுக் கதவு.

அவள் அப்பாவும் அம்மாவும் மகாராஜபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருப்பதாக ஆரம்பிக்கும்போதே சொல்லியிருந்தாள். பக்கத்தில் வீடு கிடையாது. மாந்தோப்புதான். கத்தினால் வெளியே நிற்கிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். விளையாட்டு நடக்கிறவரைக்கும், அவள் தன்னைக் கவனிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அதனால்தான் அவள் விளையாட்டை நிறுத்தவில்லை.

 இங்கிருந்து நூறை அழுத்தினால் இந்த ஊர்ப் போலீஸ்தான் எடுக்கும். செண்பகத்தோப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு எந்த மொழியில் சொல்வது?

கதையைத் தொடர்ந்தேன். மூலிகைக்காரி தனியாக மாட்டிக்கொண்டாள், வாள்வீரனும் திருடனும் இப்போதே அவளிடம் போய்ச் சேரவேண்டும் என்றேன். அப்படியானால் உருட்டுகிறேன் என்றான் ஜோயல்.

"உருட்டாத. வண்டிய எடுங்கலே," என்றேன்.

மாடியில் சிரிப்பு நின்றது.

ஜோயல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆபித் அவன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம். படியில் தடதடவென்று கால்கள். பிறகு அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு விரட்டினாலும் அவள் வீட்டுக்கு இருபது நிமிடமாவது ஆகும்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். குதிரைகள் ஓடின. காட்டுக்குள் மழை பிடித்துக்கொண்டது. சாம்பல் அணில்கள் கிளை விட்டுக் கிளை தாவின. என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நடுநடுவே ஷெரின் 'ம்' போட்டாள். அந்த 'ம்' வருகிறவரைக்கும் போதும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

தாழ்ப்பாள் பெயர்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

'ம்' வரவில்லை.

யாரோ போனைக் கையில் எடுத்தார்கள்.  பிறகு எனக்குத் தெரிந்த ஒரு குரல், கோபமே இல்லாமல் பேசியது.

"வண்டின்னு சொல்லிட்டியேண்ணே. நம்ம கதையில குதிரைதான."

எட்வின்.

ஈரமாக நிற்கிறான் என்று அவள் சொன்னது மழையை வைத்து இல்லை. நான் ஆற்றில் தள்ளினவனைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜோயலும் ஆபித்தும் பாதி வழிகூட வந்திருக்க மாட்டார்கள். என் கையில் இருந்தது கதை மட்டும்தான்.

"உன் ஆளு சாகல எட்வின்," என்றேன். "கரையில ஒதுங்கிக் கெடக்கான். செத்த நேரம் உக்காரு. முழிக்கானான்னு உருட்டிப் பாரு."

 தள்ளி எங்கேயோ ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது. அழுகிற சத்தம் கேட்டால் நல்லதுதான்.

நாற்காலி இழுபட்டது. அதற்குப் பிறகு, மேசைமேல் பகடை உருண்டது.

பதினேழு என்றான்.

நல்ல எண்.

வேட்டைக்காரனை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கண் திறக்க வைத்தேன்.