அறிவியலா, மனையியலா

“பையை எடு. போகலாம்.”

வகுப்பறை வாசலில் நின்றபடியே சொன்னார் அவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். வழுக்கை ஏறத் தொடங்கிய முன்நெற்றியில் வியர்வை; அலுவலக அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றாள். பையை எடுக்கவில்லை.

அன்று ஏழாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. வழிகாட்டி ஆசிரியை ஒவ்வொருவரிடமும் என்னவாக ஆசை என்று கேட்டார். பதிலைக் கரும்பலகையின் உச்சியில் எழுதினார். அங்கிருந்து கல்லூரி, பன்னிரண்டு, பத்து என்று படி படியாகக் கீழே வரைந்துகொண்டு வந்தார்.

முதல் பெஞ்சின் ஆசை, மருந்தாளுநர் ஆவது. அதற்கான படிகள் எட்டாம் வகுப்பு வரை இறங்கி, ஒரு கேள்விக்குறியில் நின்றிருந்தன. அறிவியலா, மனையியலா?

இந்த மாலைநேரப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். மனையியல் எடுத்தவர்கள் பிறகு அறிவியல் பக்கம் போக முடியாது. இன்றைக்குள் வாய் திறந்து சொல்லாதவர்களைப் பள்ளியே மனையியலில் போட்டுவிடும். இதையெல்லாம் ஆசிரியை வந்தவரிடம் பொறுமையாகச் சொல்லி, உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

அவர் உட்காரவில்லை. “பஸ்ஸுல போர்டு படிக்கணும், கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் டீச்சர் அனுப்பினேன். அது வந்தாச்சு. மருந்து, மாத்திரை எல்லாம் எதுக்கு?”

கணக்கில் வகுப்பிலேயே இவள்தான் முதல் என்றார் ஆசிரியை. அதில் அவருக்கும் பெருமைதானாம். ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

“சின்னதுங்க ரெண்டு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. சாயங்காலம் அதுங்களை யாரு பார்த்துக்கிறது?”

“போயிட்டா எங்களுக்குக் கணக்கு யாரு சொல்லித் தர்றது?” என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல் முணுமுணுத்தது. யாரோ சிரிக்கத் தொடங்கி, வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

கரும்பலகையின் உச்சியைச் சுட்டிக் காட்டி, அங்கே போய்ச் சேர எத்தனை வருஷம் என்று கேட்டார் அவர். ஆசிரியை மறைக்கவில்லை. ஏழெட்டு ஆகலாம் என்றார்.

“அப்ப என்ன வயசு இருக்கும், யோசிச்சீங்களா? ஊர் சிரிக்காதா?”

இந்தக் கேள்வியை ஆசிரியை பல வீட்டாரிடமிருந்து கேட்டிருக்கிறார். பதிலும் கைவசம் இருந்தது. ஆனால் அழுத்திப் பேசினால் அவள் நாளையிலிருந்து வராமலே போகலாம். போன வருஷம் அப்படித்தான் இரண்டு பேர் நின்றுபோனார்கள்.

அதனால் அவரை விட்டுவிட்டு, முதல் பெஞ்சின் பக்கம் திரும்பினார். பலகையிலிருந்த கேள்விக்குறியைக் காட்டி, இதற்கு வேறு யாரும் பதில் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக் காசெல்லாம் வந்தவரின் கையில். அவர் கூடாது என்றால் பஸ்ஸுக்குக்கூடக் கையில் காசு இருக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் உள்ளே வந்தார். பெஞ்சின் மேலிருந்த பையை அவரே இழுத்தார். மூடாத பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ் விழுந்து, காம்பஸும் பாகைமானியும் தரையில் சிதறின. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“பிடிவாதம் பிடிக்காதே. எல்லாரும் பார்க்கிறாங்க, வா.”

  அவள் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

“அறிவியல்.”

ஆசிரியை சட்டென்று திரும்பி, கேள்விக்குறியை அழித்து அந்தச் சொல்லை எழுதினார். எழுதிய வேகத்தில் சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது.

வந்தவரின் முகம் சிவந்துவிட்டது. யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

அவளும் பெஞ்சை விட்டு நகர்ந்து அவரை நோக்கி நடந்தாள். அவ்வளவுதான், போகிறாள் என்று நினைத்தார் ஆசிரியை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

அருகே போனவள், அவர் தோளிலிருந்து பையை மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பைப்பட்டையில் சிக்கி மடங்கியிருந்த அவருடைய சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

“நீ வீட்டுக்குப் போடா. அம்மாவுக்கு இன்னும் கிளாஸ் முடியல.”