குளிர்கிடங்கில் ஒரு சாட்சி

"குளிர்ல மெஷின் அணைஞ்சிருதுன்னு பொய்யா சொல்லுத? வேலைக்குச் சோம்பேறித்தனமாட்டி?"

கோவில்பட்டி மிளகாய் வத்தல் குளிர்கிடங்கில், மூட்டைகளை ஸ்கேன் செய்யும் செல்வமாரியை எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் லிங்கராஜ் அப்படித்தான் ஏசினார். அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு மாதம் கழித்து முதலாளி வந்தபோது, லிங்கராஜ் ஒரு கடிதத்தை அவரிடம் கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு தானே ஸ்கேன் மெஷினோடு கிடங்குக்குள் போனார். சற்று நேரத்தில் அது அணைந்துபோனது.

"பேட்டரி குளிர் தாங்கல, முதலாளி."

முதலாளி செல்வமாரியிடம் திரும்பினார். "உன் கையில இப்படி அணைஞ்சிருக்கா?"

"ஒருநாளும் இல்ல முதலாளி. இவியதான் கீழ போட்டிருப்பாவ."

"எங்கிட்டயே பொய்யா எழுதித் தாரீரு? நாளையிலருந்து வரவேண்டாம்வே!" முதலாளி கையிலிருந்த கடிதத்தைக் கசக்கி எறிந்தார்.

லிங்கராஜ் தலைகுனிந்து வெளியேறியதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, செல்வமாரி கடிதத்தைப் பிரித்தாள்.

'செல்வமாரி சொன்னதே உண்மை. அவளை ஏசியது என் தவறு. குளிர் தாங்கும் மெஷின் வாங்கித் தரவும். லிங்கராஜ்.'