சொர்ணத்தின் இடது கை

"எனக்கு இன்னிக்கு சூடு ஆவாதாம். பார்லர்ல சொல்லிக்கீறாங்க," என்றாள் சொர்ணம், ஃபேனுக்கு அடியில் இடது கையை நீட்டிக்கொண்டு.

பரந்தாமன் அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிப்ட் முடித்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சீவிய வாழைக்காய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. மேலே கத்தாழை பூசியிருந்தாள்.

"இன்னா பண்ணிக்கின?"

"வேக்ஸிங். கை முடியை எடுத்துக்கினேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"ஒரு கையிலதான் எடுத்துக்கீற. மத்த கை இன்னா பாவம் பண்ணுச்சு?"

"வெங்காயம் அரிஞ்சி வெச்சிட்டேன். மாவும் கலக்கியாச்சு. நீ போட்டு எடுக்கறதுதான் பாக்கி," என்றாள்.

கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து வரும் தெருவில், வீட்டு வாசலிலேயே அவர்களுக்குப் பஜ்ஜிக் கடை. சாயங்கால ரயிலில் வந்து இறங்குகிற கூட்டம் நின்று தின்றுவிட்டுத்தான் வீடு போகும். ஒரு நாள் மூடினால் அடுத்த தெருக் கடைக்குப் பழகிவிடும். பரந்தாமன் முனகிக்கொண்டே எண்ணெய்ச் சட்டி முன்னால் போய் நின்றான்.

அவனுக்கும் சூட்டுக்கும் எப்போதும் ஆகாது. வெயில் பட்டாலே தோல் தடித்துக்கொள்ளும். இரண்டு ஈடு எடுப்பதற்குள் கைகள் சிவந்து அரிக்க ஆரம்பித்துவிட்டன.

"தள்ளி நில்லுப்பா. எனக்கும் இப்டித்தான் ஆவும்," என்றாள் பக்கத்தில் நின்று பஜ்ஜியைப் பேப்பரில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காவ்யா. மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

மகள் பி.காம். கடைசி வருஷம். போன கோடையில் முகமெல்லாம் வேனல் கட்டி வந்ததிலிருந்து மாஸ்க். கட்டி போய்விட்டது, மாஸ்க் போகவில்லை. கேட்டால் தூசி அலர்ஜி என்பாள். அடுத்த வாரம் காலேஜிலேயே ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வருகிறது. இன்டர்வியூவில் மாஸ்க்கைக் கழற்றச் சொல்வார்கள், அதனால் போக மாட்டேன் என்கிறாள். பரந்தாமனுக்கு அது வேறு கவலை. இப்போது சொர்ணத்தின் கை.

"இன்னா அண்ணாத்தே, நீ கரண்டி புட்ச்சிக்கினு கீற? அண்ணிக்கு ஒடம்பு சரியில்லியா?" ஆட்டோ துலுக்கானம் கேட்டான்.

"ஒடம்புக்கு இன்னா கொற? மேடம் பார்லர் போய்ட்டு வந்துக்கீறாங்க. அழகிப் போட்டிக்குப் பேர் குடுத்துக்கீறாங்க போல."

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. பரந்தாமனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மீசையா மொளைச்சிடுச்சு, இப்டி அவசரமா ஓடறதுக்கு? கையில நாலு முடி. அதுக்கு ஒரு பார்லரு."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். காவ்யா மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக் கொண்டாள்.

"வாழைக்கா வாங்கினு வரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூடையில் வாழைக்காய் இன்னும் பாதி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பார்லர் வனஜா வந்தாள். பஜ்ஜி கேட்கவில்லை. நேரே உள்ளே போய், சொர்ணத்தின் கையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"வெந்நி ஊத்தினியாக்கா?"

"இல்ல."

"சோப்பு?"

"படவே இல்ல."

"வெயிலு?"

"வாசலைக்கூடத் தாண்டல."

"அடுப்பு?"

சொர்ணம் பரந்தாமனைக் காட்டினாள்.

"செவப்பும் இல்ல, கொப்புளமும் இல்ல. அப்ப பொண்ணைக் கூட்டினு வாக்கா."

பரந்தாமன் கரண்டியைச் சட்டியிலேயே விட்டான். "எந்தப் பொண்ணை?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம பொண்ணைத்தான்யா," என்றாள் சொர்ணம். "மொகத்துல முடி வளருது அவளுக்கு. மேலுதட்டுல, தாவாக்கட்டையில. போன வருஷம் வேனக்கட்டின்னு சொன்னமே, அது கட்டி இல்ல. ஏதோ க்ரீமைத் தடவிக்கினு வெந்துபோச்சு. அன்னிலேருந்து பார்லர்னாலே நடுங்கறா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கினா."

"எங்கிட்ட சொன்னா இன்னா?"

சொர்ணம், வாசலில் கூட்டம் நின்று சிரித்த இடத்தை ஒரு தரம் பார்த்தாள்.

வனஜாதான் பேசினாள். "காதுக்குப் பின்னால துளியூண்டு வேக்ஸ் போட்டுப் பாக்கலாம்னு சொன்னேண்ணே. அதுக்கே கிட்ட வர மாட்டேங்குது. அதான் அக்கா, 'மொதல்ல எனக்குப் போடு, என் கையைக் காட்டினா நம்புவா'ன்னு வந்து உக்காந்துது."

எண்ணெயில் கடைசிப் பஜ்ஜி கருகியது. பரந்தாமன் அடுப்பை அணைத்தான். தடித்துச் சிவந்திருந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்கையைப் பாத்து அவ எப்டி நம்புவா? உன்னுது எருமைத் தோலு. அவளுக்கு என் தோலு," என்றான் சொர்ணத்திடம்.

வனஜாவிடம் திரும்பினான்.

"காலைல இந்தச் செவப்பு எறங்கிடும். நீ கடை தொறக்கறப்ப வந்துடறேன். எங்கையில போடு."

வனஜா தலையாட்டினாள். காவ்யா பையோடு தெருமுனையில் வருவது தெரிந்தது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இன்னாப்பா, அதுக்குள்ள அடுப்பை அணைச்சிட்ட?"

"நாளைக்கும் நான் அடுப்புப் பக்கம் வர மாட்டேன்," என்றான் பரந்தாமன். "எனக்கு சூடு ஆவாதாம். பார்லர்ல சொல்லிக்கீறாங்க."